நாலு மணி நேர சார்ஜ்

அவளை எல்லோரும் டாக்சி அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போவாள். ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பழைய வண்டியின் பெட்ரோல் நெடி மாஸ்டருக்குக் குமட்டும். பாதி வழியில் ஓரங்கட்டி முதுகைத் தடவிக் கொடுப்பாள். கடைசியில் அந்த வண்டியை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கினாள்.

மாஸ்டரின் மகளுக்கு நம்பிக்கை இல்லை. "நடுவழில நின்னுட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்மா. திரும்பி வரத்தான் அங்கேயே சார்ஜ் போடணும். நாளெல்லாம் ஓடுறவங்களுக்கு இது சரிப்படாது. நமக்குப் போதும்."

முதல் நாள் மாஸ்டர் குமட்டலே இல்லாமல், வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் அவரை உள்ளே விட்டதும் அக்கா அடுத்த சவாரிக்குப் பறந்துவிடுவாள். அன்று வண்டி சார்ஜில் நின்றதால் வேறு வழியில்லாமல் அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சவாரிக்குப் போகலையாம்மா?"

"வண்டியும் உங்கள மாதிரியே வயர் மாட்டிக்கிட்டு நிக்குது சார். ரெண்டு பேருக்கும் நாலு மணி நேரம்."

மாஸ்டர் சிரித்தார். "இத்தனை நாளா நான் மேல ஓடுற ஃபேனைத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்.

 அக்கா அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

ஆறு மாதத்தில் அங்கே முக்கால் மணி நேரத்தில் ஏற்றிவிடும் புது சார்ஜர் வந்தது. அக்கா வண்டியைப் பழையதிலேயே மாட்டிவிட்டு உள்ளே போனாள்.