அப்பாவுக்கு எண் மறந்த வருடம்

முழங்கால் வலிக்குத் தன்வந்தரம் குழம்பு தேய்த்தால் நல்லது என்று மருமகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. கிழவிக்கு எண்ணெய்ப் பிசுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவளே புட்டியைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அவ்வளவு வலிக்கா அத்தே?" என்றாள்.

"ஆமா மக்கா" என்றேன். எழுபத்தைந்து வயதில் ஒரு பொய் சொல்ல முழங்காலைப் போல வசதியான உறுப்பு வேறு கிடையாது.

அது என் அப்பாவின் வலதுகை வாசனை. கடைசி இரண்டு வருடங்களின் வாசனை. அதற்கு முன்னால் அந்தக் கைக்குச் சாக்பீஸ் வாசனைதான். நாகர்கோவிலில் ஒரு மிஷன் ஹைஸ்கூலில் அப்பா கணக்கு வாத்தியார். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, தலைப்பாகை, வெள்ளை வேட்டி. கோட்டின் வலதுபக்கப் பை எப்போதும் மாவு கொட்டியதுபோல் இருக்கும். தேய்ந்த சாக்பீஸ் துண்டுகளை அதில் போட்டுக்கொண்டுவந்து எங்களுக்குப் பங்கு வைப்பார். நாங்கள் ஆறு பிள்ளைகள். மூத்தவன் ஜெபமணி அண்ணன், அடுத்தது நான், பிறகு மூன்று தம்பிகள், கடைசியில் பாக்கியம். வீட்டில் நாங்கள் கிறுக்காத கதவு கிடையாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேரே அடுக்களைக்குப் போவார். அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பார். அந்தக் காலத்தில் ஒரு ஹைஸ்கூல் வாத்தியார் துருவுபலகையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் ஊர் சிரிக்கும். அம்மா கதவைச் சாத்திவிடுவாள். "ஆராவது பாத்தா நாந்தான் இருத்திவச்சேன்னு சொல்லுவாவ" என்பாள். அப்பா சிரித்துக்கொண்டே துருவுவார்.

சக்கை அறுக்கும் நாளில் பலாச்சுளைகளை எங்களுக்குச் சமமாகப் பங்கு வைப்பது அவர் வேலை. ஆறு ஆறாக வைத்துக்கொண்டே வருவார். முடிவில் இரண்டோ மூன்றோ மிஞ்சும். "மீதி அம்மைக்கு" என்பார். மிஞ்சாத நாளே கிடையாது. தன் பங்கை அவர் முதலிலேயே அந்த மீதியில் போட்டுவிடுவார் என்பது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. வகுத்தலில் வரும் மீதி அம்மாவுக்குச் சேரவேண்டியது என்றே நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை பரீட்சைத் தாளிலும் அப்படி எழுதிவைத்தேன். நீங்கள் சிரிக்கலாம். டீச்சரும் சிரித்தார்கள்.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் வில்வண்டி பிடித்து எல்லோரும் வட்டக்கோட்டைக்குப் போனோம். அம்மா கட்டிக்கொண்டுவந்த சோற்றுப் பொதியை அவிழ்க்கவிடாமல், கோட்டைச் சுவரின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று அப்பா ஆரம்பித்துவிட்டார். ஒரு கம்பை நட்டு அதன் நிழலை அளக்கவேண்டும். கடல்காற்றில் கம்பு நிற்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றது பாக்கியம். அப்போது அவளுக்கு நான்கு வயது. "ஆடாம நில்லு பிள்ளே" என்று அப்பா சொன்னதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்பவைத்து நின்றாள். மீன்குழம்பு ஆறிப்போய்விட்டது என்று அம்மா கத்துகிறாள். சுவரின் உயரம் எவ்வளவு வந்தது என்பது எனக்கு மறந்துவிட்டது. அந்த உப்பிய கன்னம் மறக்கவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் பாக்கியத்துக்குக் காய்ச்சல் கண்டது. நான்கே நாள்.

அடக்கம் முடிந்து வந்த பிறகு அம்மா அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நாங்களும் சொல்வதில்லை. அவள் பாவாடைகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. அப்பா மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போனார். சக்கை அறுப்பது மட்டும் எங்கள் வீட்டில் நின்றுபோயிற்று.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கைவிடத் தையலுக்கு மதிப்பு அதிகம். அப்பா காலையில் எழுப்பி எனக்கு அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் சொல்லித்தந்தார். கணக்கை எடுத்து நான் ஸ்கூல் ஃபைனல் எழுதவேண்டும் என்று அவருக்கு ஆசை. விடை தப்பினால் திட்டமாட்டார். "எந்த வரியில வழி மாறுன, பாப்போம்" என்று மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகக் கூடவே வருவார்.

அஞ்சுகிராமத்திலிருந்து வந்த மாமா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "பொம்பளப்பிள்ளைக்கு ஜியாமெட்ரி எதுக்கு அத்தான்? தோசை வட்டமா வந்தாப் போராதா?" என்றார்.

"தோசையும் வட்டமா வரட்டும்" என்றார் அப்பா.

தோசை இன்றுவரை வட்டமாக வரவில்லை. என் மருமகளைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்குப் பதினைந்து வயது. அண்ணன் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். மாசி மாதம் என்று ஞாபகம். அப்பா ஐந்தாம் ஃபாரத்தில் கரும்பலகையில் நூலைக் கட்டி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாராம். பாதி வட்டத்தில் கை கீழே வழுக்கிக் கோடு பலகையை விட்டு வெளியே போயிற்று. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அப்பாவும் திரும்பிச் சிரிக்கப் பார்த்தாராம். வாய் ஒருபக்கம்தான் போயிற்று. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிரித்த பையன்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் இறக்கிவைத்துவிட்டு ஒருவனும் போகாமல் நின்றார்கள்.

புதுக்கடைப் பக்கமிருந்து வைத்தியர் வந்தார். "பேடிக்காண்டாம் அம்மா, கொஞ்சங் கொஞ்சமாட்டு வரும்" என்று மலையாளச் சாயலில் இழுத்துத் தைரியம் சொல்லி எண்ணெய் தந்தார். காலையும் மாலையும் நான்தான் தேய்த்தேன். ஒரு மாதத்தில் பேச்சு வந்தது. காலை இழுத்து இழுத்து நடந்தார். வலதுகை மட்டும் வரவேயில்லை. அம்மா தினமும் முழங்காலிட்டு ஜெபம் பண்ணினாள். பேச்சு வந்த அன்றைக்குப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள்.

அதற்கப்புறம்தான் அது தெரிந்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் பார்க்க வந்திருந்தார். நாக்கை நீட்டச் சொன்னார், பெயர் கேட்டார், ஊர் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

"சாருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார் டாக்டர்.

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடதுகை விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். "ஜெபமணி... இவ... சாமுவேல், தேவதாஸ், பொன்னையா... பாக்கியம்." கை விரல் தீர்ந்து, ஆறாவது பெயருக்கு மடக்க விரலில்லாமல், கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அது எத்தனை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான்கு வருடமாக அந்த வீட்டில் கேட்காத பெயர். "ஆமா, பாக்கியம்" என்றாள். "பாக்கியமும் உண்டு டாக்டர்." அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எண் போனதற்கு அழுகிறாள் என்று டாக்டர் நினைத்திருக்கவேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதாள் என்று இப்போது தோன்றுகிறது.

எழுத்து மறக்கவில்லை, பைபிள் வாசித்தார். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் பற்றிய தேற்றத்தை இங்கிலீஷில் சங்கீதம்போல் ஒப்பித்தார். ஆனால் மூன்று என்றால் எவ்வளவு என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்ப்பார், மணி சொல்லத் தெரியாது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்வரை அவருடைய வேலையை வைத்திருப்பதாக ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். நல்ல மனுஷன். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒனக்கு அவிய சொல்லித்தந்ததுதானே மக்கா. அதை நீ திருப்பிச் சொல்லிக்குடு. வந்திரும்."

பின்கட்டில் மஞ்சாடி மரம் நின்றது. அதன் சிவப்பு விதைகளை, எங்கள் பேச்சில் குருக்களை, பொறுக்கி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் அப்பாவை மரத்தடியில் நாற்காலியில் இருத்தி, முக்காலியில் குருக்களைப் பரப்பிப் பாடம். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் பிள்ளைபோல் கூடவே சொல்வார். ஐந்துவரை வருவார். மறுநாள் காலையில் ஒன்றும் இருக்காது. மறுபடியும் ஒன்று, இரண்டு. சில நாள் எண்ணிக்கொண்டே போகும்போது "நாலு, அஞ்சு, வெள்ளி, சனி" என்று கிழமைக்குப் போய்விடுவார். தப்பு என்று தெரியும். எங்கே தப்பு என்றுதான் தெரியாது.

உங்களிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். தம்பிகளிடம்கூட நான் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. மூன்று குருவும் நான்கு குருவும் வைத்து, சேர்த்தால் எத்தனை என்று கேட்டேன். அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். நெற்றி வேர்த்தது. "புதன்" என்றார்.

"ஏழு! ஏழு அப்பா! ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்!" என்று கத்தி முக்காலியைக் கையால் தட்டிவிட்டேன். குருக்கள் மண்ணில் சிதறின.

அப்பா நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி, வராத கை தொங்க, இடதுகையால் மண்ணைத் துழாவி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நான் உதவவில்லை. மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சிரட்டையில் போட்டுவிட்டு, ஏதோ தான் தட்டிவிட்டதுபோல, "சிதறிப்போச்சு மக்கா. நாளைக்குப் படிப்போம், என்னா?" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அம்மா கோட்டுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துவைத்தாள். தலைப்பாகையை அவளே கட்டிவிட்டாள். பிடித்துக்கொண்டு நடக்க ஆள் வேண்டுமென்று நான் கூடப் போனேன். ஹெட்மாஸ்டர் எனக்கு வராந்தாவில் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். ஜன்னல் வழியாக வகுப்பு முழுக்கத் தெரிந்தது. பையன்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவன் புத்தகத்தை விரித்து முதல் கணக்கைக் காட்டிக் கொடுத்தான்.

அப்பா அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கர்த்தாவே, ஒரே ஒரு வரியாவது அவருக்குத் தெரியட்டும் என்று நான் ஸ்டூலின் விளிம்பை நெரித்துக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தார்.

"பிள்ளைகளே, எனக்குக் கணக்கு மறந்துபோச்சு" என்றார்.

வேடிக்கை என்று நினைத்து ஒருவன் சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"படிச்சிட்டு வந்திரலாம்னு பாத்தேன். எம் மகளும் பொறுமையாட்டு நல்லா சொல்லித்தந்தா. எனக்குத்தான் ஏறல்ல. ஒங்க நேரத்தை நான் களையப்பிடாது. வேற சார் வருவாவ, நல்லா படியுங்கோ."

பொறுமையாட்டு என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் வராந்தாவில் முகத்தைத் தாவணியில் புதைத்துக்கொண்டேன். அவர் வெளியே வந்து என் தோளைப் பிடித்தபோது வகுப்பு முழுக்க நின்றுகொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் வண்டி கட்டச் சொன்னார். அப்பா வேண்டாமென்று நடந்தே வந்தார். வழியில், "வெயிலு கூடுதல்தான், இல்லியா?" என்றார்.

வாசலில் நின்ற அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். நாங்கள் புறப்பட்டு ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. "கஞ்சி குடிக்கியளா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா மிஷன் வீட்டம்மாமாரிடம் லேஸ் பின்னப் போனாள். வீட்டைப் பார்க்க நான் படிப்பை நிறுத்தினேன். ஸ்கூல் ஃபைனல் எழுதவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் இரண்டாவது பொய் ஆகிவிடும். அப்பா மாலை முழுவதும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருப்பார். பாக்கியத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டார்கள். அவள் எந்தப் பாவாடை கேட்டு அழுதாள், கோட்டைக்குப் போன வண்டியில் எப்படித் தூங்கினாள் என்றெல்லாம். நான் மஞ்சாடிக்குருவை மறுபடி எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலையில், கோயில்மணி அடித்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். பெட்டியை அவருடைய பழைய மாணவர்களே தோள்மாற்றித் தோள்மாற்றிக் கல்லறைத் தோட்டம்வரை சுமந்தார்கள்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு சைக்கிள் கடையும் லாட்ஜும். மஞ்சாடி மரத்தை எப்போது வெட்டினார்களோ தெரியாது. அம்மா, அண்ணன், தம்பிகள் மூன்றுபேர், ஒவ்வொருவராகப் போய், அப்பாவைக் கண்ணால் கண்டவள் என்று நான் ஒருத்திதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் என்ன, முகம் எனக்கு நன்றாகவே ஞாபகமிருக்கிறது.

குரல்தான் வரமாட்டேன் என்கிறது. எந்த வருடத்தில் அது போயிற்று என்று தெரியவில்லை. அவர் சொன்னவற்றை ஒரு வார்த்தை பிசகாமல் மேலே எழுதியிருக்கிறேன். மருமகள் எண்ணெய்க் கையைக் கழுவப் போன பிறகு அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் ஒரு கிழவியின் குரலில்தான் கேட்டன.