மெழுகு போட்ட படிகள்

எங்கள் புது வீட்டு மாடிப்படிக்கென்று கடைக்காரர் ஒரு சிவப்பு டைலை மெழுகு போட்டுத் துடைத்துக் காட்டினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

1930களில், மலாயாவில் லூபோக் சீனா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை பங்களாவின் சிவப்புப் படிகளை அம்மா மண்டியிட்டு மெழுகு பூசித் தேங்காய் மட்டையால் தேய்ப்பாள். தன் தடம் பதியக் கூடாதென்று பின்பக்கமாகவே இறங்கி வருவாள். ஒருநாள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கி உருண்டாள். கை ஒடிந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த துரைசானி அவளைத் தூக்கவில்லை. குனிந்து படியைத் தடவிப் பார்த்து, "நல்லவேளை, கீறல் இல்லே" என்றாள்.

"நல்லா மின்னுதுப்பா, இதையே போடலாம் லா" என்றான் என் மகன்.

"வேற காட்டச் சொல்லு. படி மின்னணும்னா யாராச்சும் மண்டி போடணும்டா. என் வீட்ல யாரும் போட வேணாம்!"