மெக்கானிக்கலில் இரண்டாவது பெண்

அந்தக் காகிதத்தைக் கேண்டீன் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே டீ குடித்துக்கொண்டிருந்தாள் என் தோழி. முதல் வருடம் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம் என்பது எங்கள் கல்லூரி விதி. அவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிட்டது. அவள் ஆசைப்பட்ட படிப்பு. வாழ்த்தியிருக்க வேண்டிய நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கல் வகுப்பில் அறுபது பேர். அதில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பெண். எனக்குக் காசிமேடு. அப்பா விசைப்படகு ஓட்டுபவர். இஞ்சின் பேச்சைக் கேட்டே வளர்ந்ததால் எனக்கு வேறு எந்தப் படிப்பும் கண்ணில் படவில்லை. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "கடல்ல ஒண்டியா போட் போவாது. இஞ்சின் நின்னுச்சின்னா கயிறு கட்டி இஸ்துகினு வர, பார்வைல இன்னொரு போட் இருக்கணும். கிளாஸ்ல கூட ஒரு பொண்ணு இருந்தா போ. இல்லன்னா வோணாம்." சேர்க்கை நாளன்று வரிசையில் அவளைப் பார்த்த பிறகுதான் கையெழுத்தே போட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். டீயை முடித்துவிட்டு, "உங்க நைனா கிட்ட சொல்லாத. கிளாஸ் மட்டும்தான் மாறுது. நான் எங்கயும் போவல," என்றாள்.

பொறியியல் படிப்பில் பெண்கள் ஏன் குறைவு என்று இன்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது கழிப்பறைதான். எங்கள் கட்டடத்தில் பெண்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது. அடுத்த கட்டடத்துக்கு நடக்க வேண்டும். வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் "குட் மார்னிங் பாய்ஸ்" என்பார், பிறகு என்னைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொள்வார். பையன்கள் கெட்டவர்கள் இல்லை. என்னிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் பேசாமலே இருந்துவிட்டார்கள். அவள் மட்டும் இல்லையென்றால் பகல் முழுக்க நான் வாயே திறந்திருக்க மாட்டேன். காலையில் கல்மண்டபம் நிறுத்தத்தில் எனக்காக நிற்பாள். மதியம் தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் கட்டடத்துக்கு வருவாள். அவள் வகுப்பு மூன்று மணிக்கே முடிந்தாலும், நான் லேத்தை நிறுத்திக் கை கழுவி வரும்வரை பட்டறை வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

அப்பாவைப் பொறுத்தவரை அவள் மெக்கானிக்கல்தான். மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். நான் சமையலறையில் வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தேன். படகு இஞ்சின் கறுப்பாகப் புகை தள்ளுகிறது, என்ன செய்யலாம் என்று அப்பா அவளிடம் கேட்பது காதில் விழுந்தது. கரண்டியோடு ஓடி வருவதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"ஒரு வாட்டி ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க அங்கிள்."

அப்பா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "சரிம்மா, பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த வாரம் முழுக்க அப்பா கண்ணில் படாமலே நடமாடினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா ஏமாந்துவிட்டார் என்று நாங்களே முடிவுகட்டி, பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இன்று எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் பொறுப்பு. இந்த வருடம் பயிற்சிக்கு வந்த இருபது பேரில் ஒரே ஒரு பெண். அதை வீட்டில் சொல்லி வருத்தப்பட்டபோது, பழைய பொய்யையும் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னேன். அவர் அசையவில்லை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லசொல்லவே தெர்ஞ்சுபோச்சு. அந்த வாரமே ஒரு நாள் காலேஜிக்கு வந்தேன், படிச்சது போதும்னு உன்ன வூட்டுக்குக் கூட்டினு போவ. பட்டற வாசல்ல அந்தப் பொண்ணு ஒண்டியா குந்திகினு இருந்துச்சி, மடில உன் பையி. கூட வர்ற போட் இன்னா வலை போட்டா நமக்கு இன்னா? பார்வைல கீதே. அப்டியே திரும்பி வந்துட்டேன்."

என் படிப்பு அந்த வாசலில் முடிந்துபோகவிருந்தது. அவள் உட்கார்ந்திருந்ததால் முடியவில்லை. அவளுக்கு நான் ஒரு நாளும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. பெங்களூரில் இருப்பவளை உடனே போனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "என்னிக்கு வந்தாராம்? நான் பாக்கவே இல்லையே," என்று கேட்டாள்.

எந்த நாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் ஐந்து நாளும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.