வலை போடாத ஏரி

எங்கள் ஊர் ஏரி மீனுக்கு வளரவே கொடுத்துவைக்கவில்லை. சங்கராபுரம் பக்கத்துச் சின்ன ஏரி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வீச்சுவலை உண்டு. கழனி வேலை முடிந்ததும் ஆண்கள் நேராகக் கரைக்குத்தான் போவார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை மாட்டினால் போதும், அடேங்கப்பா, பார்க்கத் தெருவே கூடிவிடும். மற்றபடி எங்களுக்கு வாய்த்ததெல்லாம் விரல் நீளப் பொடிமீன்தான். அதிலும் முள்தான் ஜாஸ்தி.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்ட வருஷம் எனக்கு ஆறு வயது. போலீஸ் வந்து ஆண்களை வேனில் அள்ளிக்கொண்டு போனது. அப்பாவும் சித்தப்பாவும் கடலூர் ஜெயிலில் இருப்பதாகச் சொன்னார்கள். தப்பித்தவர்கள் கல்வராயன் மலைக்கு ஓடிவிட்டார்கள். ஏரிக்கரையில் போலீஸ்காரர்கள் கூடாரம் போட்டதால் பெண்கள் துணி துவைக்கக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அம்மா கரும்பு வெட்டப் போய் எனக்குக் கஞ்சி ஊற்றினாள். சாலையில் வேன் சத்தம் கேட்டால் போதும், கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பாள். அப்பா வந்திருக்க மாட்டார். வலை ஆணியில் சும்மா தொங்கியது.

நடுவில் நல்ல மழை பெய்து ஏரி நிரம்பியது. கூடாரமும் போனது. மலைக்கு ஓடியவர்கள் மட்டும் பயத்தில் இறங்கி வரவில்லை. பொங்கல் கழிந்துதான் அப்பாவையும் சித்தப்பாவையும் விட்டார்கள். பாதியாக இளைத்து வந்த அப்பா மறுநாளே வலையோடு கிளம்பினார். முதல் வீச்சிலேயே ஒற்றை ஆளால் இழுக்க முடியவில்லை. கை நீளத்துக்கு விரால், தட்டு அகலத்துக்கு ஜிலேபி!

சித்தப்பா வாயைப் பிளந்தார். "நாம இல்லாத நேரத்துல இதுங்க நல்லா தின்னுகினு வளந்துகீதுங்க பாருண்ணா!"

எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. சாப்பிடும்போது அப்பாவிடம் யோசனையும் சொன்னேன்.

"அப்பா, வருசா வருசம் நீ ஜெயிலுக்குப் போப்பா. அப்பத்தான் மீனு பெருசாவும்."

சித்தப்பாவுக்குப் புரையேறியது. "இன்னா மூளடா சாமி இதுக்கு!" அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. தன் தட்டிலிருந்த விரால் துண்டை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் எழுந்து போனாள். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அந்தத் துண்டையும் நானே தின்றேன்.