கேஸ் இருந்தவர்களுக்கு ஒரு கடை

சீசன் தொடங்குவதற்கு முந்தைய மாதம், ஒரு போலீஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து நல்ல செய்தி சொன்னார். நான் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் காக்கிச் சட்டை இதற்கு முன் எங்கள் வாசலுக்கு வந்ததெல்லாம் வேறு காரியங்களுக்கு.

என் கணவர் டூரிஸ்ட் வேன் டிரைவர். மூன்று வருடங்களுக்கு முன் கேரளாவிலிருந்து குற்றாலத்துக்கு ஆள் ஏற்றி வரும்போது, புளியறை செக்போஸ்டில் வண்டியைச் சோதித்தார்கள். பின்சீட்டுக்கு அடியில் ஒரு பை இருந்தது. அதில் கஞ்சா. வண்டியில் வந்த பையன்கள் எங்களுடையது இல்லை என்றார்கள். இவரும் என்னுடையது இல்லை என்றார். பையன்களுக்குப் பெரிய வக்கீல் வந்து அவர்கள் வெளியே போய்விட்டார்கள். இவர் பாளையங்கோட்டைச் சிறைக்குப் போய் ஒரு வருடம் கழித்துத்தான் வந்தார்.

வந்த பிறகு எந்த வேன் முதலாளியும் அவர் கையில் சாவி கொடுக்கவில்லை. இலஞ்சியில் தேங்காய் உரிக்கப் போனார், கொத்தனாருக்கு மண் சுமந்தார். குத்துக்கல்வலசையில் நாங்கள் குடியிருந்த தெருவில் எங்காவது சைக்கிள் காணாமல் போனால்கூட முதல் பார்வை எங்கள் வாசலில்தான் விழும். மற்றவர்களைக் குறை சொல்லி என்ன? அவர் வெளியே போய்விட்டு வந்தால் துவைக்கப் போகிற சாக்கில் நானும் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு வந்துதான் போலீஸ்காரர் சொன்னார்: "பயப்படாதியம்மா, நல்ல சேதிதான். குற்றாலத்துல சீசன் கடையில கொஞ்சத்தை ஒதுக்குதாவ. கஞ்சா, சாராய கேஸ்ல உள்ள இருக்கவங்க, போயிட்டு வந்து திருந்தி இருக்கவங்க குடும்பத்துக்கு. ஏலம் கெடையாது, குலுக்கல்தான். ஒரு மனு போடுங்க."

"எங்களுக்கு எதுக்கு சார் குடுக்காவ?"

"மறுவாழ்வும்மா."

அவர் போன பிறகு அந்த வார்த்தையை நான் பலமுறை புரட்டிப் பார்த்தேன். வாழ்வைக் கெடுத்தவர்களே மறுவாழ்வு தருகிறோம் என்றால் அதில் என்ன சூது இருக்கிறது? என் கணவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "ஏட்டி, குடுக்குத கையைப் பிடிச்சு எதுக்குக் குடுக்கன்னு கேப்பியா?" என்றார்.

அக்கா மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அவனிடம் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"சித்தி, இங்கன சில ஊருல கஞ்சா விக்கதுக்கே சட்டப்படி கடை இருக்கு. லைசென்ஸ் குடுக்கும்போது, முன்னால கஞ்சா கேஸ்ல மாட்டி நாசமாப் போன ஆளுகளுக்குத்தான் முன்னுரிமை."

"அப்ப அந்த ஆளுக பொழச்சிக்கிட்டாவளா?"

"சில பேரு. பாதிப் பேரு பேரை மட்டும் குடுத்துட்டு நிக்காவ. துட்டுக்காரன் பின்னால இருந்துக்கிட்டு இவங்கள முன்னால நிறுத்திருவான். யாராச்சும் உதவி செய்யுதேன்னு வந்தா சூதானமா இருங்க."

என் சந்தேகம் வீண் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துபோனது.

மனுவோடு, வழக்கு இருந்தது என்பதற்குக் காவல் நிலையத்திலிருந்து சான்றிதழ் வைக்க வேண்டும். அதை வாங்கப் போனபோது அங்கே எழுதிக்கொண்டிருந்த ஏட்டு சிரித்துவிட்டார். "எல்லாரும் கேஸ் இல்லைன்னு எழுதிக் கேட்டு வருவாவ. இருக்குன்னு எழுதிக் கேட்டு வந்தது நீங்கதாம்மா." என் கணவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தெருவில் செய்தி பரவியதும், அதுவரை என்னோடு பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரி, "நமக்கும் ஒரு கேஸ் இருந்திருக்கலாம் போல" என்று காதில் விழும்படி சொன்னாள்.

குலுக்கலில் எங்களுக்கு ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு கடை விழுந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் பலகை. அது கிடைத்த மறுநாளே ஓர் அண்ணாச்சி வீடு தேடி வந்தார். குற்றாலத்தில் சீசன் கடைகளுக்கெல்லாம் சரக்கு போடுகிறவர். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழம். என் கணவரை 'மாப்பிள்ளை' என்றார். அந்த ஒரு சொல்லிலேயே இவர் உருகிவிட்டார்.

"ஒங்க பேரு அப்படியே இருக்கட்டும் தங்கச்சி. சரக்கு எங்க பொறுப்பு, ஆளு எங்க பொறுப்பு. மழையோ வெயிலோ, நீங்க கடைப்பக்கம் வரவே வேண்டாம். மாசம் பொறந்தா ஒங்க பங்கு வீடு தேடி வந்துரும்."

"கடை எங்களுக்கு, நாங்க மட்டும் எதுக்கு வரக் கூடாது அண்ணாச்சி?"

"வரக் கூடாதுன்னு சொல்லல. எதுக்குக் கஷ்டம்னு கேக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் போனதும் எங்கள் வீட்டில் சண்டை. "மொதலு யாரு போடுவா? நம்மள நம்பி யாரு சரக்கு தருவா?" என்று இவர் கத்தினார். நியாயமான கேள்விதான். ஆனால் அண்ணாச்சி எங்கள் வீட்டு வழியை யாரிடமும் கேட்காமல் எப்படி வந்தார் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். இந்தத் திட்டத்தில் கொடுத்த மற்ற கடைகளில் சிலவற்றை அதற்குள் திறந்துவிட்டிருந்தார்கள். எல்லாக் கடையிலும் ஒரே பச்சை வலை, ஒரே மாதிரி பிளக்ஸ், ஒரே மாதிரி பழக் கூடைகள். எங்கள் கடைக்கு நாலாவதாக ஒரு சாப்பாட்டுக் கடை. அது குலுக்கலில் ஒரு விதவைக்கு விழுந்தது என்று எனக்குத் தெரியும். மகன் கஞ்சா வழக்கில் உள்ளே இருக்கிறான் என்று சொல்லி, குலுக்கல் நடந்த இடத்தில் அழுதவள். கல்லாவில் அவளைக் காணோம். யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குழாயடியில் குத்தவைத்து எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஒங்க கடையில நீங்களே தட்டு கழுவுதிய?"

அவள் நிமிர்ந்து சுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "சும்மா வீட்டுல இருக்கதுக்கு வேலைக்கு வான்னு அண்ணாச்சி ஆளுக சொன்னாவ. கல்லாப் பக்கம் போனா சூப்பர்வைசர் வைவான்."

பஸ்ஸில் திரும்பும்போதே முடிவெடுத்துவிட்டேன். தென்காசி ஜவுளிக் கடை ஒன்றுக்கு நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் கூலிக்குப் பதிலாக நைட்டியாகவே வாங்கிக்கொண்டேன். அருவிக்கு வருகிற பெண்கள் பாதிப் பேர் மாற்றுத்துணி இல்லாமல்தான் வருவார்கள். கூடவே நேந்திரங்காய் சிப்ஸ். அதைப் பொரிக்க என் கணவருக்கு நன்றாக வரும், சிறைச் சமையலறையில் கற்றது. அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "நாங்களே நடத்திக்கிடுதோம்" என்றேன். "ரொம்ப நல்லது தங்கச்சி" என்றார். வருத்தமே இல்லாத குரல். அதுதான் எனக்கு உறுத்தியது.

சாரல் நன்றாக விழுந்த வருடம். கூட்டமும் வந்தது. ஆனால் எங்கள் கடைக்கு மேலே, திட்டத்தின் பெயரோடு 'மறுவாழ்வுக் கடை' என்று போர்டு மாட்ட வேண்டும் என்பது விதி. அதைப் படித்துவிட்டுக் குடும்பத்தோடு வருகிறவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். சில பையன்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். சிப்ஸை வாயில் போட்டுக்கொண்டே, "அக்கா, வேற ஐட்டம் ஏதும் இருக்கா?" என்று கண்ணடிப்பார்கள். காலையில் ரோந்து வருகிற போலீஸ்காரர் நைட்டி மடிப்புக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போவார். பக்கத்தில் துண்டும் கைலியும் விற்ற கடையநல்லூர் பாய், எங்களுக்கும் தனக்கும் நடுவே ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டுவிட்டார்.

எனக்கும் என் பங்குக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தினமும் மத்தியானம், கூட்டம் குறைகிற நேரத்தில், என் கணவர் சொல்லாமல் எங்கேயோ போவார். கேட்டால், "அருவிக்குத்தான்" என்பார். ஆனால் தலை காய்ந்தே இருக்கும்.

ஆடி அமாவாசைக் கூட்டம் வரவிருந்த வாரம் அது. தினமும் கடை திறந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை உதறிப் பார்ப்பது என் பழக்கம். அன்றைக்குக் காலையில் நைட்டிக் கட்டை எடுத்தபோது, நடுவிலிருந்து ஒரு கறுப்பு பாலிதீன் பொட்டலம் கீழே விழுந்தது. பிரிக்கவே வேண்டியதில்லை. வாடை வந்துவிட்டது.

என் கணவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. அவரே திரும்பிப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"நான்தான்னு நெனைக்கியா?"

"மத்தியானம் மத்தியானம் எங்க போறிய?"

அவர் அடுப்பை அணைத்தார். பிறகு சொன்னார். "வேன் ஸ்டாண்டுக்கு. ஒவ்வொருத்தன்கிட்டயா டிரைவர் வேலை கேட்டுட்டு வாரேன். எவனும் தரல. அதை ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?"

அதை நம்பினேனா என்று கேட்டால், அந்த நிமிடம் அதற்கு நேரம் இல்லை. ரோந்துக்காரர் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இவர் பொட்டலத்தை எடுத்து ஓடையில் போட்டுவிடலாம் என்று கை நீட்டினார். நான் தடுத்துவிட்டேன். "தொடாதிய. வச்சவன் எங்கன இருந்தாவது பாத்துக்கிட்டுத்தான் இருப்பான். கையில எடுத்தா நம்ம சரக்குன்னு ஆயிரும்."

சாலைக்கு வந்து சத்தம் போட்டேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. "எல்லாரும் வாங்க! என் கடையில எவனோ எதையோ வச்சிட்டுப் போயிருக்கான். வந்து பாருங்க!" துண்டுக்கடை பாய் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு முதலில் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு அவரே போலீஸுக்குப் போன் செய்தார். சுற்றுலா வந்தவர்கள் போனில் படம் எடுத்தார்கள்.

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். போர்டைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, "ஜீப்ல ஏறு" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்தார். பழகின ஆள் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அந்த விதவை அக்கா வந்தாள். கையில் சோப்பு நுரைகூடக் காயவில்லை.

"சார், நான் பாத்தேன். விடிஞ்சும் விடியாமலும் எங்க சூப்பர்வைசர் இந்தக் கடைப் பின்பலகையை நீக்கிட்டு உள்ள கையை விட்டான். நான் கொழாயடியிலதான் இருந்தேன்."

கூட்டத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்தான். "சார், அது எங்க கடையில பாத்திரம் கழுவுதது. சம்பளத் தகராறு. வாய்க்கு வந்ததைச் சொல்லுது."

"எங்க கடையா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "சார், கடை என் பேருல இருக்கு! என் மவன் செயில்ல கெடக்கதுக்குத்தான் எனக்குக் கடை குடுத்தாவ. இவன் யாரு எனக்குச் சம்பளம் தர?"

சப் இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பி, என்ன பார்த்தாள் என்று "நீங்க" போட்டுக் கேட்டார். அவள் மறுபடி அதையே சொன்னாள். பாயும், இந்தப் பலகை நேற்று நான் பார்த்தபோது நேராக இருந்தது என்றார். அவர் எங்களுக்காகப் பேசிய முதல் வார்த்தை அது.

என் கணவரைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் அதற்குள் மலையைத் தாண்டிக் கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்றார்கள். அண்ணாச்சி தனக்கு எதுவும் தெரியாது, வேலைக்காரன் செய்ததற்கு நான் பொறுப்பா என்று கேட்டாராம். விசாரணை முடியும்வரை எங்கள் கடையைப் பூட்டி வைத்தார்கள். சீசனின் நல்ல நாட்கள் அப்படியே போயின. பிறகு அதிகாரிகள் வந்து திட்டத்துக் கடைகள் ஒவ்வொன்றிலும் யார் கல்லாவில் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அக்காவுக்கு அவள் கடை கிடைத்தது. சாம்பார் உப்புக் கரிக்கிறது என்று ஆட்கள் சொன்னாலும் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டாள். வேறு சிலர், அண்ணாச்சியே நடத்தட்டும், எங்களுக்கு மாதம் வருவது போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐப்பசியில் என் கணவருக்குச் செங்கோட்டையில் ஒரு வேன் முதலாளி சாவி கொடுத்தார். வேன் ஸ்டாண்டில் தினமும் வந்து நின்ற முகம் என்பதால் கொடுத்தாராம். மத்தியானம் சொன்னது பொய் இல்லை என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

மறு வருடமும் குலுக்கல் நடந்தது. எங்களுக்கு அதே கடை புதுப்பித்துக் கிடைத்தது. கடை வழங்கிய விழா மேடையில் முன்வரிசையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார், நன்கொடையாளர் என்று மைக்கில் சொன்னார்கள். சீசன் தொடங்கிய வாரத்தில் என் கடைக்கே வந்தார்.

"சிப்ஸ் ஒரு பாக்கெட் குடு தங்கச்சி."

கொடுத்தேன். அங்கேயே பிரித்துத் தின்றார். "நல்லா இருக்கு. மாப்பிள்ளை சொகமா இருக்காவளா?"

"இருக்காவ அண்ணாச்சி."

"புதுசா வந்தவங்களுக்குக் கடை நடத்தத் தெரியல பாவம். நீதான் எடுத்துச் சொல்லணும்."

அவர் சாரலில் குடை பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். அங்கே புதிதாகக் குலுக்கலில் கடை கிடைத்த ஒரு பெண் பலகை அடித்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் சிரித்துப் பேசினார். அவள் ஸ்டூல் எடுத்துப் போட்டாள். நான் அவர் சாய்ந்து நின்ற இடத்தில் கிடந்த நைட்டிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகு கடையை ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளும்படி பாயிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் கடையை நோக்கி நடந்தேன்.