சீனியாரிட்டிக்காகப் படித்த ஹவில்தார்

கதவைத் திறந்தபோது காக்கி உடுப்பில் ஒரு நெட்டை மனிதர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் குதிகால்களைப் படீரென்று சேர்த்து ஒரு சல்யூட் அடித்தார். கையில் இருந்த கரண்டியோடு நானும் பதிலுக்கு ஏதோ செய்து வைத்தேன். குழம்புச் சொட்டு அவர் பூட்ஸில் விழுந்தது. அவர் அசையவில்லை.

மறுநாள் காலையில் எதிர்க் குவார்ட்டர்ஸ் அம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உங்க வூட்டுக்காரரு ஏதாச்சும் மாட்டிக்கினாரா? மைன்ஸ் செக்யூரிட்டி வந்துட்டுப் போச்சே."

"அவர் என்கிட்ட இங்கிலீஷ் படிக்க வந்தாருங்க" என்றேன். அவள் நம்பவில்லை. இரண்டு நாள் என் கணவரைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவருக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. நான் இங்கிலீஷ் எம்.ஏ. படித்துவிட்டு வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்திலிருந்து திரும்பிய பலர் சுரங்கத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் சிலருக்குப் படிப்பு ஆசை. கல்லூரிக்குப் போகாமலே பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்புப் பரீட்சை எழுத அவர்களுக்கு வழி இருந்தது. "இங்கிலீஷில்தான் விழுகிறார்கள், கொஞ்சம் தூக்கி விடுங்கள்" என்று கணவரின் மேலதிகாரி கேட்க, நானும் சரி என்றேன். பலர் வருவார்கள் என்று பாய் விரித்து வைத்தேன். வந்தவர் இந்த ஹவில்தார் ஒருவர்தான். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும்.

"இந்த வயசுல எதுக்குங்க பி.யூ.சி.?" என்று கேட்டேன்.

"பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ் போவுதுங்க, டீச்சரம்மா. அதுக்கு முன்னாடி நான் முடிச்சிடணும். சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்கில்லீங்களா?"

சிரிக்காமல் சொன்னார். நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

வகுப்பில் அவரை உட்கார வைப்பதே பெரும்பாடு. கேள்வி கேட்டால் எழுந்து விறைத்து நின்று, எதிர்ச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். உட்காருங்கள் என்று நான் சொல்ல மறந்தால் அப்படியே நிற்பார். ஒருமுறை அடுப்பில் பால் பொங்க, நான் ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது ஷிப்ட் முடிந்து வந்த என் கணவரும், நிற்பவருக்கு எதிரில் என்ன செய்வதென்று தெரியாமல், பையோடு நின்றுகொண்டிருந்தார்.

இலக்கணம் அவருக்குப் பிடித்திருந்தது. விதி என்றால் விதி. சிக்கல் கட்டுரையில்தான் வந்தது. 'நிலவொளியில் ஓர் இரவு' என்று தலைப்புக் கொடுத்தேன். மறுநாள் அழகான கையெழுத்தில் இங்கிலீஷில் எழுதி வந்தார். அதன் சாரம் இது: 'இன்று பௌர்ணமி. வெளிச்சம் மிக அதிகம். எதிரி நம்மைப் பார்த்துவிடுவான். ஆகையால் யாரும் நகரக் கூடாது. பீடி பற்றவைக்கக் கூடாது.'

"பிழையே இல்ல. ஆனா நிலாவோட அழகைப் பத்தி எழுதணுங்க" என்றேன்.

"அழகுங்களா?" ஜன்னல் வழியே வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மேகம் மறைச்சா நல்லாருக்கும்ங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை கீரைக்கட்டோடு வந்த அவர் மனைவியிடம் இதைச் சொன்னேன். "அவருகிட்ட போயி நிலாவக் கேட்டீங்களே! பௌர்ணமின்னா வாசல்ல கட்டிலு போடவுட மாட்டாரும்மா. ஊரே காத்து வாங்கிகினு கிடக்கும், நாங்க மட்டும் உள்ள வெந்துகினு கிடப்போம்" என்றாள்.

அடுத்த வகுப்பில், பட்டாளத்தில் பௌர்ணமியன்று என்னதான் நடந்தது என்று அவரிடமே கேட்டேன். முதல் தடவையாக, நான் சொல்லாமலே உட்கார்ந்தார். பனி மலையில் ஒரு பௌர்ணமியில் விடிய விடிய அசையாமல் கிடந்தார்களாம். பக்கத்தில் கிடந்தவன் கம்பளிக்குள்ளிருந்து, "அண்ணே, இந்நேரம் எங்க வூட்ல சுடுசோறு வடிச்சுகினு இருப்பாங்க" என்றானாம். இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். அந்தப் பையன் திரும்பி வரவில்லை.

"இதையே எழுதுங்க" என்றேன்.

"இதுக்கு மார்க் போடுவாங்களா?"

"நான் போடுவேன்."

எழுதினார். திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்த நான், திறக்காமலே வைத்துவிட்டேன்.

பரீட்சை சிதம்பரத்தில். முடித்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் வெற்றி. "எல்லாக் கேள்விக்கும் எழுதிட்டேன் டீச்சரம்மா."

நான் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். "எட்டுல அஞ்சுதானே எழுதணும்?"

"போட்டிருந்துச்சுங்க. மூணை வுட்டுட்டு எப்படிங்க வர்றது?"

எட்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். கட்டுரைக்கு இரண்டு வரி எழுதத்தான் நேரம் இருந்தது. இங்கிலீஷில் மட்டும் போய்விட்டது. இதற்குள் மகள் பள்ளி முடித்துக் கல்லூரியில் சேர்ந்துவிட, மறு வருஷம் அப்பாவும் மகளும் ஒரே இங்கிலீஷ் பேப்பர் எழுத வேண்டியதாயிற்று. லீவில் வந்த பெண் அவருக்குப் பாடம் சொல்லித்தரப் பார்த்திருக்கிறாள். "ஜூனியர்கிட்ட கத்துக்க முடியாது" என்று மறுத்துவிட்டாராம்.

இந்த முறை நான் முறையை மாற்றினேன். பரீட்சைக்கு முந்தின நாள் அவரை எழுப்பி நிறுத்தி, என்னால் முடிந்த அளவு அதட்டலாகச் சொன்னேன். "அஞ்சு கேள்வி. ஆறாவதைத் தொடக் கூடாது. இது ஆர்டர்!"

"எஸ் சார்!" என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மகள் முதல் வகுப்பு, அவர் மூன்றாம் வகுப்பு. "எங்க யூனிட்ல எல்லாரும் பாஸுங்க" என்று ஜாங்கிரிப் பொட்டலத்தை நீட்டினார். அவர் மனைவி பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அடுத்து பி.ஏ. என்றார். பொருளாதாரம் எடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வரலாறுதான் என்று நின்றார். "அதுல வர்ற ஊருங்க பாதியில நான் சென்ட்ரி நின்னிருக்கேன் டீச்சரம்மா. படிக்கவே தேவையில்ல."

தேவையிருந்தது. அவர் அந்த பி.ஏ.வை முடிப்பதற்குள் எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன.