மானிட்டரின் முதுகில் பூனை மயிர்

அண்ணன் வாங்கித் தந்த அந்தத் தடித்த மானிட்டரின் முதுகில் காற்றுத் துளைகள் உண்டு. அவற்றில் இன்னும் பூனை மயிர் ஒட்டியிருக்கிறது. எத்தனையோ முறை துடைத்துவிட்டேன். அடுத்த முறை முட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போது மறுபடியும் இருக்கும்.

அண்ணன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தார். நான் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த காலம்; எதையாவது நோண்டாமல் கை சும்மா இருக்காது. அண்ணனுக்குப் பொத்தான்கள் பிடிபடவில்லை. அதனால் நாங்கள் அழைத்தால் அவருடைய அறைக் கம்ப்யூட்டர் தானாகவே எடுக்கும்படி, கேமராவும் தானாகவே திறக்கும்படி இங்கிருந்தே செய்து வைத்தேன். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் மைனி, அண்ணனின் மனைவி, முக்காட்டைக்கூட எடுக்காமல் திரை முன் உட்கார்ந்துவிடுவாள். அண்ணன் குரல் கேட்டதும் வீட்டுப் பூனை மேசையில் தாவி மானிட்டருக்குப் பின்னால் போய்த் தேடும்.

"ஏட்டி பூச்சே, மொகத்துக்கு முன்னால இருக்கேன், பொறத்தால எவனத் தேடுத?" என்பார். மைனி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் அந்தப் படகு திரும்பவில்லை என்று போன் வந்தது. அடுத்த ஞாயிறு, பழக்கத்தில் திரை முன் உட்கார்ந்த மைனி என்னைக் கூவி அழைத்தாள். அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு. அழைத்தோம். எடுத்தது. கட்டில், ஆணியில் அண்ணனின் நீலக் கட்டம்போட்ட சட்டை. மின்விசிறிக் காற்றில் அது மெல்ல ஆடியது. ஆள் இல்லை, குரல் இல்லை. ஆனாலும் பூனை மானிட்டருக்குப் பின்னால் போனது. வாலைத் தூக்கிக்கொண்டு, காலில் உரசுவதைப் போல எதிலோ உரசி உரசி நின்றது.

உடல் கிடைக்காவிட்டால் உடுத்திய துணியை வைத்து அடக்கம் செய்வது எங்கள் குடும்ப வழக்கம். மாதங்கள் போயின. வீட்டில் இருக்கும் அண்ணனின் சட்டை ஒன்றை வைத்து முடித்துவிடலாம் என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அங்க ஒண்ணு ஆடிட்டு கெடக்கு. அத விட்டுட்டு மடக்கி வச்ச சட்டையவா புதைப்பிய?" என்று கேட்டாள் மைனி. ஞாயிறுதோறும் அவள் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை பின்னால் நின்றது.

பிறகு அண்ணனோடு அறையில் தங்கியிருந்தவர் விடுப்பில் வந்தார். பெட்டியைத் திறந்து அந்த நீலச் சட்டையை மைனி கையில் கொடுத்தார். ஆணியிலிருந்து எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சேதி வந்த அன்னைக்கே எடுத்துப் பெட்டியில வச்சிட்டோம் மக்கா. பாக்க மனசு தாங்கல்ல."

அப்படியென்றால் கம்ப்யூட்டரை யார் போட்டு வைத்தது என்று கேட்டேன்.

"பாட்டு இறக்கப் போட்டுட்டு வேலைக்குப் போவோம். அது ஓடிட்டுதான் கெடக்கும்."

வேறு யாருடைய சட்டையாவது இருக்கலாம் என்றேன். அந்த ஆணியில் அதன்பின் யாரும் எதையும் மாட்டவில்லை என்றார். மைனி சட்டையை முகர்ந்தாள், மடித்தாள், அப்பாவிடம் நீட்டினாள். அடக்கம் முடிந்தது. பச்சை விளக்கு அதன்பிறகு எரியவேயில்லை.

இப்போது என் கையில் போன் இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது. மானிட்டரைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லத்தான் போன ஞாயிறு வந்தேன். அந்தப் பூனை செத்துப் பல காலம் ஆகிறது. அண்ணன் குரலையே கேட்டிராத அதன் குட்டி மேசையில் தாவியது. வயர் பிடுங்கிக் கிடந்த மானிட்டருக்குப் பின்னால் போய், வாலைத் தூக்கி, எதிலோ உரசத் தொடங்கியது.

பூசையிலிருந்து வந்த மைனி முக்காட்டை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கறுத்த திரையின் முன் உட்கார்ந்தாள்.